நாலு கிழவிகள், ஒரு நாய், ஒரு சைக்கிள்

“இந்தப் படத்துக்கு சப்டைட்டில் கிடையாது ஆன்ட்டி, பரவாயில்லையா?” என்று டிக்கெட் கொடுத்த பெண் இரண்டு தடவை கேட்டாள். அதற்காகத்தான் வந்திருக்கிறோம் என்றேன். பக்கத்தில் நின்ற அம்மா, “என்னவாம்?” என்றார். “படத்துல யாரும் பேச மாட்டாங்களாம். உங்களுக்குச் சரியான்னு கேக்குது.” “பேசாட்டி நல்லதுதானே” என்று அம்மா உள்ளே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மாவுக்கு 74 வயது. கல்யாணமாகி மன்னார்குடிப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் வந்தவர். தமிழ் ஒன்றுதான் அவருக்கு வாகான மொழி. ஈரச்சந்தையில் மீன் வாங்கும் அளவுக்கு மலாய் பேசுவார். தமிழ்ப் படம் என்றால் பிரச்சினையே இல்லை, மெக்கன்சி ரோடு ரெக்ஸில் எத்தனையோ படங்கள் சேர்ந்து பார்த்திருக்கிறோம். வேறு நாட்டுப் படம் என்றால்தான் கஷ்டம். சப்டைட்டில் ஆங்கிலத்தில் ஓடும், நான் அவர் காதோரம் குனிந்து தமிழில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். அரங்கமே சிரித்து அடங்கிய பிறகு அம்மா தனியாகச் சிரிப்பார். ஒரு முறை முன்வரிசையில் இருந்தவர் திரும்பி விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை, அவரும் காசு கொடுத்துத்தான் வந்திருந்தார். ஆனால் அதற்கப்புறம் அம்மா, “நீ போய்ட்டு வா, நான் வீட்ல இருக்கேன்” என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஐந்து வருஷமாக நான் மட்டும்தான் போய்வந்துகொண்டிருந்தேன்.

அதனால்தான் ‘தி ட்ரிப்லெட்ஸ் ஆஃப் பெல்வில்’ மறுபடி திரைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே டிக்கெட் எடுத்தேன். பிரெஞ்சு இயக்குநர் சில்வான் ஷோமே 2003இல் எடுத்த அனிமேஷன் படம். சுமார் 80 நிமிடம். வாயால் பேசும் வசனத்தை எல்லாம் சேர்த்தால் ஒரு அரைப்பக்கம்கூடத் தேறாது. ஒரே ஒரு சின்ன அரங்கில், மூன்றே மூன்று காட்சிகள். கோல்டன் மைல் டவரில் பத்து வருஷம் நடந்த தி ப்ரொஜெக்டர் என்ற திரையரங்கு 2025 ஆகஸ்டில் மூடியதிலிருந்து இந்த மாதிரிப் படங்களைப் பெரிய திரையில் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது. வரும்போது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கதை எளிமையானது. மேடம் சூசா என்று ஒரு பாட்டி. ஒரு கால் குட்டை, அடி கனத்த செருப்புப் போட்டு தத்தித் தத்தி நடப்பார். பேரன் பேர் சாம்பியன். எதிலும் ஒட்டாமல் சோர்ந்து கிடக்கும் பிள்ளை. நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறார், பொம்மை ரயில் வாங்கிக் கொடுத்துப் பார்க்கிறார். கடைசியில் அவன் சைக்கிள் படங்களை வெட்டி ஒட்டி ஒளித்து வைத்திருப்பதைக் கண்டுபிடித்து ஒரு மூன்று சக்கர சைக்கிள் வாங்கித் தருகிறார். அவ்வளவுதான், பையன் வளர்ந்து டூர் டி பிரான்ஸ் பந்தயத்துக்கே போய்விடுகிறான். அந்தப் பந்தயம் தொடங்கியது 1903. படம் வந்தது சரியாக நூறு வருஷம் கழித்து.

பந்தயத்தில் களைத்து விழும் வீரர்களை ஏற்றிக்கொள்ள வரிசையின் கடைசியில் ஒரு வண்டி வரும். பிரெஞ்சுக்காரர்கள் அதைத் துடைப்ப வண்டி என்றே சொல்கிறார்கள். அதே மாதிரி ஒரு போலி வண்டியில் சாம்பியனையும் இன்னும் இரண்டு பேரையும் ஒரு கும்பல் தூக்கிக்கொண்டு போய்க் கப்பலில் ஏற்றுகிறது. பாட்டி என்ன செய்கிறார்? கடற்கரையில் வாடகைக்கு விடும் மிதிபடகில் நாயையும் ஏற்றிக்கொண்டு, மிதித்தே சமுத்திரத்தைக் கடக்கிறார். பின்னணியில் மோட்சார்ட்டின் தேவாலய இசை. புயலில் அந்தச் சின்னப் படகு ஏறி இறங்க, எனக்குக் கண்ணில் நீர் கட்டியது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “பொட்டுக் கண்ணீர் விடுதா பாரு அந்தம்மா” என்றார். நான் அழுதது அவருக்குத் தெரியாது. அவர் பாட்டியைச் சொன்னார்.

கடல் தாண்டிப் போய்ச் சேரும் ஊர்தான் பெல்வில். நியூயார்க்கையும் மாண்ட்ரியலையும் கலந்து வரைந்த மாதிரி ஓர் ஊர். அங்கே பாட்டிக்குக் கிடைக்கும் துணைதான் தலைப்பில் வரும் மூன்று சகோதரிகள். இளமையில் பெரிய பாடகிகள், இப்போது ஒண்டுக்குடித்தனத்தில் தவளை தின்று காலம் தள்ளுகிறார்கள். மிச்சக் கதையைச் சொல்லப்போவதில்லை.

நாயைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ப்ரூனோ. குட்டியாக இருந்தபோது பொம்மை ரயில் அதன் வாலில் ஏறிவிட்டது. அதிலிருந்து ரயில் என்றால் அதற்கு ஆகாது. வீட்டுக்குப் பக்கத்திலேயே மேம்பாலம் கட்டி ரயில் விடுகிறார்கள், வீடே ஒருபக்கம் சாய்ந்து நிற்கிறது. ரயில் வரும் நேரம் ப்ரூனோவுக்கு அத்துப்படி. தீப்பெட்டிக் குச்சி மாதிரி நாலு கால், அதன்மேல் மூட்டை மாதிரி உடம்பு. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுகிறது. ஒரு படி ஏறும், மூச்சு வாங்கும், அடுத்த படி. மேலே போய்ச் சன்னல் பக்கம் உட்கார்ந்து, ரயில் வந்ததும் உள்ளே இருப்பவர்களைப் பார்த்துக் குரைக்கும். ரயில் போனதும் வந்த வழியே இறங்கும். இதை ஷோமே அவசரமே இல்லாமல் காட்டுகிறார். ஒரு வேலையைத் தினமும் தவறாமல் செய்கிறவர்களின் முகத்தில் இருக்கும் அந்தக் கடமையுணர்ச்சி நாயின் முகத்தில் அப்படியே இருக்கிறது.

எங்கள் வீடு காத்திப் பக்கம், எம்ஆர்டி தடத்தைப் பார்த்த புளோக். அம்மா விடிகாலையில் எழுந்து காப்பியோடு சன்னலோரம் உட்கார்ந்தால் முதல் ரயில் போவதைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ப்ரூனோ முதல் தடவை படியேறி உட்கார்ந்ததுமே, யாரும் எதுவும் சொல்லாமலே, அம்மா சிரித்துவிட்டார். அரங்கத்தில் எல்லோருக்கும் முன்னால் சிரித்தது அவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவர் சிரிப்பு எப்போதும் கடைசியில்தான் வரும்.

இசை பெனுவா ஷாரெஸ்ட், கனடாக்காரர். தலைப்புப் பாட்டு ஆஸ்கருக்குப் போனது, படமும் போனது; அந்த வருஷம் அனிமேஷன் பரிசு ‘ஃபைண்டிங் நீமோ’வுக்குப் போய்விட்டது. எனக்குப் பாட்டைவிடப் பிடித்தது சகோதரிகள் வீட்டில் வரும் ஒரு விஷயம். சூசா ஃபிரிட்ஜைத் திறக்கப் போனால் ஒருத்தி வந்து சாத்துகிறாள். செய்தித்தாளைப் பிரித்தால் இன்னொருத்தி பிடுங்கிக்கொள்கிறாள். தூசி உறிஞ்சும் இயந்திரத்தைத் தொடவும் விடுவதில்லை. வந்த விருந்தாளியிடம் இப்படியா நடந்துகொள்வார்கள் என்று அம்மா முணுமுணுத்தார். அப்புறம் மேடையில் பார்த்தால் அவைதான் அவர்களுடைய வாத்தியங்கள்! ஃபிரிட்ஜின் கம்பித் தட்டை மீட்டுகிறாள் ஒருத்தி, செய்தித்தாளைச் சரசரக்க வைத்துத் தாளம் போடுகிறாள் ஒருத்தி, இயந்திரத்தின் குழாய் ஊதுகிறது. நடுவில் நம் சூசா சைக்கிள் சக்கரத்தைத் தட்டி வாசிக்கிறார். அம்மா மடியில் விரலால் தாளம் போட்டார். கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த காது அவருக்கு.

பயிற்சி முடிந்து வரும் பேரனுக்குப் பாட்டி உடம்பு பிடித்துவிடும் காட்சியும் அப்படித்தான். முட்டை அடிக்கும் கருவி, புல்வெட்டி, தூசி உறிஞ்சும் இயந்திரம் என்று கைக்குக் கிடைத்தது எல்லாம் அவன் ஆடுசதையில் ஓடுகிறது. என் தம்பி பள்ளியில் ஓட்டப்பந்தயம் ஓடிய காலத்தில் அம்மா தினமும் ராத்திரி அவன் காலுக்கு விளக்கெண்ணெய் தேய்த்துவிடுவார். திரையைப் பார்த்துக்கொண்டே, “எண்ணெய் வைக்காம அமுக்குனா வலிக்கும்” என்றார், சூசாவிடமே சொல்வது மாதிரி.

இனி மற்றவர்கள். ஐம்பது பேர் இருந்திருப்போம். பின்வரிசை ஆள் ஒருவர் இருபது நிமிடத்தில் எழுந்து போனார், எப்போது பேசுவார்கள் என்று காத்திருந்து பொறுமை போயிருக்கும். தவளைக் காட்சியில் ஒன்றைக் கவனித்தேன். சகோதரிகளில் ஒருத்தி சதுப்பில் கையெறிகுண்டைப் போட்டுத் தவளை மழை பெய்ய வைத்துப் பிடித்துக்கொண்டு வருவாள். சூப்பில் தவளை, குச்சியில் தவளை. வேறு ஊரில் இந்த இடத்தில் “உவ்வே” என்றிருப்பார்கள். இங்கே எனக்குப் பின்னால் இருந்த சீன தாத்தா தன் மனைவியிடம் கேலாங் தவளைக் கஞ்சி இதைவிட நன்றாக இருக்கும் என்று சத்தமாகவே சொன்னார், அந்த வரிசையே ஆமோதித்தது. அம்மாவுக்கு மட்டும் முகம் கோணியது.

படம் முடிந்து வெளியே வந்தால், சைக்கிள் சட்டை போட்ட நாலைந்து இளைஞர்கள் வட்டமாக நின்று வாதம் செய்துகொண்டிருந்தார்கள். சூசா ஒரு குட்டி ஐஃபல் கோபுர பொம்மையில் சக்கரத்தை மாட்டி, இசைக்கவையைத் தட்டி ஒலி பார்த்து ஆரக்கம்பிகளைச் சரிசெய்வார். அது சும்மா கற்பனை என்று ஒரு பையன். இல்லை என்றார் கூடவே நின்ற மலாய்க்காரப் பெரியவர். சைக்கிள் பழுது பார்ப்பவராம். கம்பியை விரலால் சுண்டினால் இறுக்கமானது மேல் சுருதியில் பேசும், தளர்ந்தது கீழே பேசும், ஒரே பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஒரே சுருதிக்கு வந்தால் இறுக்கம் ஒரே சீராக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். அங்கேயே ஒருவனுடைய சைக்கிளைச் சுவரில் சாய்த்து, கம்பிகளை ஒவ்வொன்றாகச் சுண்டிக் காட்டினார். டிங், டிங், டிங், நாலாவது டொங். அந்த டொங்கைக் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் “ஆ!” என்றோம். அம்மாவும் குனிந்து ஒரு கம்பியைச் சுண்டிப் பார்த்தார். அவருக்கும் மலாய்தான் கைகொடுத்தது.

அனிமேஷன் படிக்கும் பாலிடெக்னிக் மாணவி ஒருத்தியும் பேச்சில் சேர்ந்துகொண்டாள். மனிதர்களையும் நாயையும் கையால் வரைந்துவிட்டு, சைக்கிள், கார், கப்பல், ரயிலை எல்லாம் கணினியில் முப்பரிமாணத்தில் செய்திருக்கிறார்கள், ஒட்டுப்போட்டது தெரியவே இல்லை பாருங்கள் என்று மெய்சிலிர்த்துப் பேசினாள். அவள் சொன்ன பிறகுதான் அந்தக் கப்பல் ஏன் அவ்வளவு பிரம்மாண்டமாகக் கண்ணில் நின்றது என்று எனக்குப் புரிந்தது.

குறை சொல்லவும் இருக்கிறது. படம் 1930களின் கார்ட்டூன் பாணியில் தொடங்குகிறது. அதில் வாழைப்பழப் பாவாடை கட்டி ஆடிய அந்தக் காலத்து நடனக்காரி ஜோசபின் பேக்கரைத் திறந்த மார்போடு வரைந்திருக்கிறார்கள், பார்க்க வந்த ஆண்கள் எல்லாம் குரங்காகி மேடை ஏறுகிறார்கள். பழைய கார்ட்டூன்கள் அப்படித்தான் இருந்தன என்பது சரி. ஆனாலும் கறுப்பினப் பெண் ஒருத்தியை வரைய வேறு வழி தெரியவில்லையா என்று உறுத்தியது. பெல்வில் மக்கள் அத்தனை பேரையும் ஊதிய உடம்போடு காட்டுவதும் ஒரு கட்டத்துக்கு மேல் அலுத்துவிட்டது. அனிமேஷன்தானே என்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த ஒரு தாய் சங்கடப்பட்டதைப் பார்த்தேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான படம் இல்லை இது. பத்துப் பன்னிரண்டுக்கு மேல் என்றால் கூட்டிப்போங்கள்.

எம்ஆர்டியில் திரும்பும்போது அம்மா ‘பேசும் படம்’ பற்றிப் பேசினார். 1987இல் கமல் நடித்து வந்தது, சிங்கீதம் சீனிவாசராவ் வசனமே இல்லாமல் எடுத்தது. “அதுக்கப்புறம் இதுதான்” என்றார். பிறகு கதை முழுவதையும் எனக்கே திருப்பிச் சொல்ல ஆரம்பித்தார். நான் கவனிக்காத ஒன்றை அவர் பார்த்திருந்தார்: சாம்பியன் சாப்பிடும்போது பாட்டி அளந்துதான் போடுகிறார், மிச்சத்தை நாய்க்குக் கொடுக்கிறார். “அதான் அந்த நாய் அம்புட்டுக் குண்டு. புள்ள மேல உள்ள அக்கறைய நாய் தின்னுருக்கு.” இருபது வருஷமாக இந்தப் படத்தை எனக்குத் தெரியும், குறுவட்டில் மூன்று முறை பார்த்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் தடவையாக, படம் பார்த்துவிட்டு வரும்போது அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார், நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.

படம் ஒரு கேள்வியில் தொடங்கி அதற்கான பதிலில் முடியும். இரண்டும் பிரெஞ்சில் ஓரிரு வரிதான், ‘முடிஞ்சுதா?’, ‘முடிஞ்சுது’ என்கிற மாதிரி. அதை மட்டும் விளக்கு அணைவதற்கு முன்பே அம்மாவிடம் சொல்லி வைத்தேன். நீங்களும் கூட வருபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் யாரையும் கிசுகிசுக்க வைக்க வேண்டாம்.

டிக்கெட் 15 வெள்ளி, மூத்தோருக்குக் குறைவு. குளிர்சாதனம் எலும்பு வரை போகிறது, சால்வை எடுத்துப்போங்கள். மின்தூக்கி அரங்கின் பின்பக்கம்தான் இருக்கிறது. கேட்டால் பணியாளர் கூட்டிப்போகிறார், கேட்காவிட்டால் முன்பக்கத்துப் படிகளில் முட்டி வலிக்காரர்கள் திண்டாட வேண்டியதுதான். கடைசிக் காட்சி ஞாயிறு மாலை. கீழ்த்தளத்து மீனாட்சிப் பாட்டியையும் கூட்டிக்கொண்டு அம்மா மறுபடி வருகிறாராம். மூன்று டிக்கெட் எடுத்துவிட்டேன், மின்தூக்கிப் பக்கத்து வரிசையில்.