டைசன்ஸ்: ரயிலடியில் ஊர், தள்ளிப்போனால் நெடுஞ்சாலை

வாஷிங்டனுக்கு மேற்கே, வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் இருக்கும் டைசன்ஸ், காரை நம்பி வளர்ந்த இடம். பெரிய மால் 1968-இல் வந்தது; மெட்ரோவின் சில்வர் லைன் 2014-இல்தான். அந்தத் தாமதத்தின் பலனை இன்றும் கால்கள்தான் அனுபவிக்கின்றன. வரைபடத்தில் பக்கத்துக் கட்டடமாகத் தெரிவது, எட்டு லேன் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

ஆகவே எந்த ஸ்டேஷனில் இறங்குகிறோம் என்பது முக்கியம். மாலுக்கு 'டைசன்ஸ்'. 123-ஆம் சாலைக்கு மேலே போகும் நடைபாலம் மால் முற்றத்திலேயே கொண்டுபோய் விடும். விலையுயர்ந்த கடைகள் உள்ள கலேரியா என்ற இன்னொரு மாலுக்குப் பாலம் ஏற வேண்டாம், அது ஸ்டேஷன் பக்கமே. 'மக்லீன்' ஸ்டேஷன் பெயரளவில்தான் பக்கத்து ஊரான மக்லீன். அங்கே இருப்பது கேபிடல் ஒன் வங்கியின் வளாகமும் வெக்மன்ஸ் மளிகைக் கடையும். கிரீன்ஸ்பரோ, ஸ்பிரிங் ஹில் இரண்டும் 7-ஆம் சாலையின் நடுவே நிற்கின்றன. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று மேலேயே பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வாஷிங்டன் மியூசியங்களுக்கு ஸ்மித்சோனியன் ஸ்டேஷன் வரை ஒரே ரயில். கோட்டை விடுவது திரும்பும்போதுதான்: நகரத்துக்குள் சில்வர், ஆரஞ்சு, ப்ளூ மூன்றும் ஒரே தண்டவாளத்தில் வரும். ஆரஞ்சில் ஏறிவிட்டால் ஈஸ்ட் ஃபால்ஸ் சர்ச் ஸ்டேஷனிலோ அதற்கு முன்போ இறங்கி மாறிவிடலாம். ப்ளூ என்றால் ராஸ்லின் ஸ்டேஷனிலேயே மாற வேண்டும், அதற்குமேல் அது தெற்கே திரும்பிவிடும். சில்வர் லைனின் மேற்குக் கடைசி ஸ்டேஷனான ஆஷ்பர்ன் பெயர் போட்ட ரயில்தான் உங்களுடையது. 2022 நவம்பரிலிருந்து அதே ரயில் டல்லஸ் விமான நிலையத்துக்கும் போகிறது. பெட்டியோடு வருபவர்களுக்கு இதைவிட வசதி வேறில்லை.

காரில் வந்தால் மாலில் பார்க்கிங் இலவசம். 495-ஆம் நெடுஞ்சாலையின் எக்ஸ்பிரஸ் லேன்களில் நெரிசலுக்கேற்ப சுங்கம் ஏறிக்கொண்டே போகும். மூன்று பேர் இருந்தால் இலவசம்தான், ஆனால் காரில் வைக்கும் சுங்கக் கருவியான ஈ-இசட்பாஸில் 'ஃப்ளெக்ஸ்' வகை வேண்டும், அதன் பொத்தானை எச்ஓவி (பலர் பயணிக்கும் கார்) பக்கம் தள்ளியிருக்கவும் வேண்டும். சாதாரண ஈ-இசட்பாஸ் இருந்தால் மூன்று பேர் இருந்தாலும் காசு போகும்.

குடியேறுபவர்களுக்கு: டைசன்ஸ் தனி நகராட்சி இல்லை. அதனால் வாடகை விளம்பரத்தில் பெரும்பாலும் பக்கத்து ஊர்களான 'வியன்னா' அல்லது 'மக்லீன்' என்று முகவரி இருக்கும். அதைப் பார்த்து வியன்னா மெட்ரோ பக்கத்தில் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஆரஞ்சு லைனின் கடைசி ஸ்டேஷன், பல மைல் தள்ளி. பெயரை விட்டுவிட்டு, முகவரியைப் போட்டு நடைவழியில் ஸ்டேஷன் தூரம் பாருங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் என்றால் நடப்பீர்கள் என்று நம்ப வேண்டாம், ஜனவரிக் காற்றில் நிச்சயமாக மாட்டீர்கள். பள்ளியும் முகவரியைப் பொறுத்ததே. ஒரே தெருவின் எதிரெதிர் வீடுகள் வெவ்வேறு பள்ளிக்குப் போகலாம் என்பதால், கையெழுத்திடும் முன் கவுன்டியின் பள்ளி எல்லைப் பக்கத்தில் கதவு எண்ணோடு தேடிவிடுங்கள்.

கார் வைத்திருந்தால் கவுன்டிக்கு வருடாந்தர கார் வரி உண்டு, வழக்கமாக அக்டோபர் 5-க்குள். வாடகைக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதைச் சேர்ப்பதில்லை. இரண்டாவது காரை விட்டுவிட முடிந்தால், ஸ்டேஷன் பக்கத்து வாடகை அவ்வளவு அதிகமாகத் தெரியாது.