'குளிர்காலத் தயார்ப்படுத்தல்' என்ற பெயரில் ஸ்காபரோவில் நடக்கும் ஏமாற்று

நவம்பர் பிறந்ததும், கனடாவின் ரொறன்ரோ நகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் கராஜ்கள் பலவற்றில் 'குளிர்காலத் தயார்ப்படுத்தல்' என்ற விளம்பரம் தொங்கத் தொடங்கிவிடும். பாவித்த குளிர்கால ரயர்கள் நான்கு, கூலன்ற் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) மாற்றம், பற்றரிப் பரிசோதனை, கண்ணாடி கழுவும் திரவம் எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று சொல்லப்பட்ட அத்தகைய சேவையொன்றை, நம்மவர் ஒருவர் நடத்தும் கராஜில் கடந்த குளிர்காலத்துக்கு முன்னர் பெற்றேன். பணம் போனதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

பனி பொழிந்த ஒரு காலையில் 401 நெடுஞ்சாலையில், முன்னே சென்ற பாரவூர்தி வாரியிறைத்த உப்புச் சேறு முன்கண்ணாடியை மூடியது. கழுவும் திரவத்தைப் பீய்ச்சியபோது அது கண்ணாடியிலேயே உறைந்து, எஞ்சியிருந்த பார்வையையும் மறைத்துவிட்டது. வேகத்தைக் குறைத்து ஓரங்கட்டும்வரை, பக்கத்துத் தடத்தில் யார் வருகிறார்கள் என்பதுகூடத் தெரியவில்லை. குளிர்காலத் திரவத்தின் போத்தலில் –40 பாகை என்று பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். எனக்கு ஊற்றப்பட்டிருந்ததோ கோடையில் விற்று மீந்த சரக்கு.

வேறொரு மெக்கானிக்கிடம் வாகனத்தை முழுவதுமாகப் பார்க்கச் சொன்னபோதுதான் மற்றவை வெளிவந்தன. கூலன்றும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்திருந்தால் ஏறத்தாழ –37 பாகை வரை உறையாது. கட்டணச் சீட்டில் 'மாற்றப்பட்டது' என்றிருந்த என் கூலன்றை அவர் அளவுமானியால் சோதித்தபோது, அது –15 பாகையைக்கூடத் தாங்காது என்று தெரிந்தது. பழையதை வெளியேற்றாமல் மேலே தண்ணீர் விட்டு நிரப்பியிருக்கிறார்கள். உள்ளே உறைந்து விரியும் தண்ணீர் எஞ்சினிலேயே வெடிப்பு விழச் செய்யலாம் என்பது கராஜ் நடத்துபவருக்குத் தெரியாத விடயமல்ல.

ரயர்களில்தான் கைவரிசை அதிகம். மினுக்குத் தைலம் பூசிப் புதிதுபோலக் காட்டியிருந்தார்கள். உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும் நான்கு இலக்கங்கள் பெரும்பாலும் ரயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். நான்கு ரயர்களிலும் அந்தப் பக்கம் உட்புறமாகப் பூட்டப்பட்டிருந்தது தற்செயலாக இருக்க முடியாது. கழற்றிப் பார்த்தபோது 3214 என்றிருந்தது, அதாவது 2014 ஆம் ஆண்டின் 32 ஆவது வாரம். அதைவிட மோசம், அவை குளிர்கால ரயர்களே அல்ல. மூன்று சிகரங்கள் கொண்ட மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் எதிலும் இல்லை. சேற்றையும் பனியையும் குறிக்கும் 'எம் பிளஸ் எஸ்' எழுத்துகள் மட்டுமே இருந்தன. அவை சாதாரண அனைத்துப் பருவ ரயர்களிலும் இருப்பவை. வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது அவற்றின் இறப்பர் இறுகிப் பிடிமானத்தை இழக்கத் தொடங்கும்.

ஸ்காபரோ அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில் குளிர்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணக் கழிவு வழங்க வேண்டும் என்ற விதி 2016 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. இந்த ரயர்களை நம்பிக் கழிவு கேட்பவர், விபத்து நேர்ந்தால் காப்புறுதியாளரிடமும் பொய் சொன்னவராகி நிற்பார்.

கேட்கப் போனபோது, "தம்பி, ஸ்காபரோப் பனிக்கு இது காணும்" என்பதுதான் உரிமையாளரின் பதில். பேசிய தொகையை விடக் கால் பங்கு கூடுதலாக வாங்கியதற்கு அவரிடம் பதிலே இல்லை. எழுத்து மூலமான மதிப்பீட்டை 10 வீதத்துக்கு மேல் மீறிக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இம்மாகாணச் சட்டம்; அதனால்தான் இத்தகையவர்கள் மதிப்பீட்டை வாயாலேயே சொல்லி முடிக்கிறார்கள். கேட்டு எழுதி வாங்குங்கள். ரயரைப் பூட்டுவதற்கு முன்பே சின்னத்தையும் நான்கு இலக்கங்களையும் உங்கள் கண்ணால் பாருங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சாவியைக் கொடுக்காதீர்கள்.

பணத்தைத் திருப்பித் தருமாறு கராஜுக்கு எழுத்தில் கடிதம் அனுப்பிப் பதில் வராததால், மாகாண நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் முறைப்பாடு செய்துள்ளேன். இதே சேவையை வாங்கி ஏமாந்தவர்கள் கட்டணச் சீட்டையும் ரயரின் படங்களையும் பத்திரப்படுத்தித் தாங்களும் முறையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.