உங்கள் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்

ஹோஸ்டிங் (தளத்தின் கோப்புகளை வைக்கும் வாடகை இடம்) வாங்கினால் டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்) இலவசம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்: அந்த டொமைன் யார் பெயரில் பதிவாகும்? நான் கேட்கவில்லை. மூன்று வருடமாக என்னுடையது என்று நம்பியிருந்த பெயர் பதிவேட்டில் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தது. அதை என் கைக்குக் கொண்டுவர ஏறக்குறைய மூன்று மாதம் அலைந்தேன்.

என் தளம் வியாபாரத் தளம் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் கணக்குகளைப் படிப்படியாகப் போட்டுக் காட்டுகிறேன். 400 கணக்குகளுக்கு மேல் ஆகிவிட்டன, எல்லாம் இரவில் உட்கார்ந்து எழுதியவை. தேர்வு நேரத்தில் பிள்ளைகள் அந்த இணைப்புகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கோப்புகளை நகல் எடுத்து எங்கேயும் ஏற்றிவிடலாம். பெயர் போனால் அத்தனை இணைப்புகளும் செத்துப்போகும்.

மூன்று வருட பேக்கேஜ் ஜூன் 14 அன்று முடிவதாக இருந்தது. ஏப்ரல் கடைசியில் ரினீவல் மெயில் வந்தது. டொமைனுக்கு மட்டும் கேட்டிருந்த தொகை மற்ற ரெஜிஸ்ட்ரார்கள், அதாவது டொமைன் பெயர்களைப் பதிந்து தரும் நிறுவனங்கள், வாங்குவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு. பணம் கட்டும் பக்கத்தைத் திறந்தால், நான் கேட்காத மூன்று சேவைகளுக்கு ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, முந்தைய பக்கத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் மூன்றும் மறுபடி டிக்குடன் நின்றன.

விலையைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். டாட் காம் பெயர்களின் பதிவேட்டை நடத்துவது வெரிசைன். ரெஜிஸ்ட்ரார்களிடம் அது வாங்கும் மொத்த விலை 2024 செப்டம்பரில் வருடத்துக்கு 10.26 டாலர் ஆனது. எந்த ரெஜிஸ்ட்ராராக இருந்தாலும் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். முதல் வருடத்தை அதற்குக் கீழே தருபவரும் இலவசமாகத் தருபவரும் அந்த நஷ்டத்தைப் பிறகு உங்களிடம்தான் ஈடுகட்டுவார்கள். ஆகவே முதல் வருட விலையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இரண்டாம் வருட விலையைப் பாருங்கள். லாகின் செய்யாமல் அந்த விலை கண்ணில் படவில்லை என்றால் அந்த இடமே வேண்டாம்.

வேறு ரெஜிஸ்ட்ராருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தேன். அதற்கு ட்ரான்ஸ்ஃபர் கோட் வேண்டும், டொமைனை வேறு இடத்துக்கு மாற்ற அனுமதிக்கும் ரகசியக் குறியீடு அது. லாகின் செய்ததும் வரும் என் கணக்குப் பக்கத்தில், அதாவது பேனலில், அதற்கான இடமே இல்லை; ரினீவல் பட்டன் மட்டும்தான் இருந்தது. சப்போர்ட் சாட்டில் கேட்டேன்.

"டொமைன் உரிமையாளர் கேட்டால்தான் கோட் தர முடியும் மேடம்."

"நான்தானே உரிமையாளர்?"

"எங்கள் பதிவில் அப்படி இல்லை மேடம்."

அன்றைக்குத்தான் டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் ஐகானின் லுக்அப் பக்கத்தில் என் டொமைனை முதன்முதலாகத் தேடிப் பார்த்தேன். ஐகான் என்பது உலகம் முழுக்க டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் அமைப்பு, ரெஜிஸ்ட்ரார்களுக்கு அங்கீகாரம் தருவதும் அதுதான். பதிவுசெய்தவர் என்ற இடத்தில் நான் ஹோஸ்டிங் வாங்கிய நிறுவனத்தின் பெயர் இருந்தது. ரெஜிஸ்ட்ரார் என்ற இடத்தில் நான் கேள்வியே படாத இன்னொரு நிறுவனம். என்னிடம் விற்றவர்கள் ரெஜிஸ்ட்ராரே இல்லை, ரெஜிஸ்ட்ராரிடம் வாங்கி மறுபடி விற்கும் வெறும் ரீசெல்லர். அதுவும் எனக்கு அதுவரை தெரியாது.

பிரைவசி சேவையாக இருக்கும் என்று முதலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். நம் பெயரையும் முகவரியையும் வெளியே தெரியாமல் மறைக்கும் சேவைகள் உண்டு, அதில் தப்பில்லை. அங்கே மறைப்புக்குப் பின்னால் நம் பெயர் இருக்கும். இங்கே மறைப்பை நீக்கச் சொல்லிப் பார்த்த பிறகும் அவர்கள் பெயர்தான் இருந்தது.

கேட்டதும் உரிமையாளர் பெயரை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் மெயிலில் உறுதி செய்து, மே 2 அன்று பதிவு என் பெயருக்கு வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் கோட் கேட்டேன். "உரிமையாளர் மாறிய டொமைனை 60 நாளுக்கு ட்ரான்ஸ்ஃபர் செய்ய முடியாது மேடம்."

தேடிப் படித்தேன். 2016 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐகான் விதி அது. திருடியவன் பெயரை மாற்றிக்கொண்டு உடனே வேறு இடத்துக்கு ஓடிவிடாமல் இருக்க வைத்த பூட்டு. பூட்டு வேண்டாம் என்று மாற்றத்துக்கு முன்பே சொல்லும் வாய்ப்பை ரெஜிஸ்ட்ரார் தரலாம், தர வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இருக்கிறதா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. மே 2 முதல் 60 நாள் என்றால் ஜூலை 1. நடுவில் ஜூன் 14 வருகிறது. அவர்களிடமே, அந்த நான்கு மடங்கு தொகைக்கே புதுப்பித்தாக வேண்டும். என்னோடு பேசியவர் திரையில் காலாவதித் தேதி இருந்தது. முந்தின நாள் ஒரு வரி சொல்லியிருக்கலாம். இன்றுவரை எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

"காலாவதி ஆகட்டும், அப்புறம் வேறு இடத்தில் புதிதாக வாங்கிக்கொள்" என்று ஒரு நண்பர் சொன்னார். தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். டாட் காம் காலாவதியானால் அதிகபட்சம் 45 நாள் வரை ரெஜிஸ்ட்ராரின் கையில் இருக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்பது அவர் விருப்பம், அந்த நாட்களில் தளம் முடங்கிப்போகலாம். நீக்கிவிட்டால் 30 நாள் மீட்புக் காலம், அதற்குத் தனியாகப் பெரிய கட்டணம். பிறகு 5 நாள் யாராலும் தொட முடியாது. அதற்கு அப்புறம் யார் முந்துகிறாரோ அவருக்கு. பல இடங்களில் விதிமுறைகளைப் படித்தால், காலாவதியான பெயரை நீக்காமலே ஏலத்தில் விற்கும் உரிமையை அவர்கள் எழுதி வைத்திருப்பது தெரியும். நான் பணத்தைக் கட்டினேன்.

ஜூலை 2 அன்று மறுபடி கோட் கேட்டேன். "ஏழு வேலை நாள் ஆகும்" என்றார்கள். பதினோரு நாள் ஓடிவிட்டது. விதிப்படி, கேட்டதிலிருந்து 5 நாளுக்குள் தந்தாக வேண்டும், அதுவும் விடுமுறையெல்லாம் சேர்த்து 5 நாள். இந்த முறை சாட்டில் மன்றாடவில்லை. லுக்அப் பக்கத்தில் பார்த்த அந்த நிஜ ரெஜிஸ்ட்ராருக்கே நேராக எழுதினேன். ரீசெல்லர் விதியை மீறாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களுக்கு உண்டு. கேட்ட தேதி, வந்த பதில், சாட்டின் ஸ்க்ரீன்ஷாட் எல்லாவற்றையும் இணைத்து, ஐகானிலும் புகார் பதிந்திருப்பதாக ஒரு வரி சேர்த்தேன். இரண்டாம் நாள் கோட் வந்துவிட்டது. ஐந்து நாளில் டொமைன் புது இடத்துக்குப் போனது; ட்ரான்ஸ்ஃபருக்குக் கட்டிய தொகைக்கு ஒரு வருடமும் கூடுதலாகச் சேர்ந்தது.

இதெல்லாம் டாட் காம், டாட் ஆர்க் போன்ற பொதுப் பெயர்களுக்கான விதிகள். இரண்டெழுத்தில் முடியும் நாட்டுப் பெயர்களுக்கு அந்தந்த நாட்டுப் பதிவேடு வைத்ததுதான் சட்டம், தனியாகப் படித்துக்கொள்ளுங்கள்.

இப்போது யாராவது என்னிடம் ரெஜிஸ்ட்ரார் பற்றிக் கேட்டால், உள்ளே போகும் வழியை விட்டுவிட்டு வெளியே வரும் வழியைப் பாருங்கள் என்கிறேன். டொமைன் வேறு இடத்துக்குப் போகாமல் அவர்கள் வைக்கும் சாதாரணப் பூட்டைத் திறக்கவும் கோட் எடுக்கவும் பேனலிலேயே பட்டன் இருக்கிறதா? அவர்களே ஐகான் அங்கீகாரம் பெற்றவர்களா, வேறு யாருக்காவது ரீசெல்லரா? ஹோஸ்டிங்கும் டொமைனும் ஒரே இடத்தில் வேண்டவே வேண்டாம், ஒன்றைப் பிடித்துவைத்து மற்றொன்றுக்குப் பேரம் பேசுவார்கள். ரெஜிஸ்ட்ராரிடம் கொடுக்கும் மெயில் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றால் அந்த மெயிலும் நிற்கும், நினைவூட்டலும் வராது, பாஸ்வேர்டையும் மீட்க முடியாது. அங்கீகாரம் மட்டும் இருந்தால் போதும் என்றும் நினைக்காதீர்கள். ரெஜிஸ்டர்ஃப்ளை என்ற அங்கீகாரம் பெற்ற ரெஜிஸ்ட்ரார் 2007-இல் சீர்குலைந்தபோது லட்சக்கணக்கான பெயர்கள் நடுவில் மாட்டின. ஐகான் அங்கீகாரத்தை ரத்து செய்து, அந்தப் பெயர்களை வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற வேண்டியதாயிற்று. ரசீதுகளையும் பதிவு விவரத்தின் நகலையும் உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை இன்னும் முடியவில்லை. அதே இடத்தில், அதே பேக்கேஜில் பின்னால் எடுத்த இரண்டாவது பெயர் ஒன்று கிடக்கிறது. அதன் காலாவதித் தேதி டிசம்பர் 9. நேற்று லுக்அப்பில் பார்த்தேன், அதுவும் அவர்கள் பெயரில்தான் இருக்கிறது. பெயர் மாற்றக் கோரிக்கையை இன்றைக்கே அனுப்பிவிட்டேன், 60 நாள் பூட்டு வேண்டாம் என்பதை முதல் வரியிலேயே எழுதி.