விமானம் கழுவுபவருக்கு எந்தக் காப்பீடு பொருந்தும்?

அமெரிக்காவில் கார்களுக்கு மெருகேற்றிக்கொண்டிருந்தவர் விமானத்துக்கு மாறும்போது, கையிலிருக்கும் பொது வணிகப் பொறுப்புக் காப்பீடே போதும் என்று நினைப்பதுண்டு. பிரீமியம் குறைவு என்பதைத் தவிர அதற்குச் சாதகமாக அதிகம் சொல்ல முடியவில்லை. தண்ணீர்க் குழாய் தடுக்கி யாரேனும் விழுந்தால் பணம் கிடைக்கும். ஆனால் உங்கள் பொறுப்பிலும் கட்டுப்பாட்டிலும் உள்ள பிறர் பொருளுக்கு வரும் சேதத்தை இத்தகைய பாலிசிகள் பொதுவாக விலக்கிவிடுகின்றன. அம்மோனியா கலந்த திரவம் பட்டு அக்ரிலிக் ஜன்னலில் நுண்விரிசல் விழுந்தால் செலவு உங்களுடையது. கழுவிய நீர் மழைநீர் வடிகாலில் கலந்தால், மாசு தொடர்பான விலக்கும் குறுக்கே வரும்.

இரண்டாவது வழி, விமான உரிமையாளரின் காப்பீட்டில் ஒண்டிக்கொள்வது. அவருக்கு இழப்பீடு கொடுத்த நிறுவனம் அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வராது என்று எழுதி வாங்குவது. செலவு அநேகமாக இல்லை. கீறல், நசுங்கலுக்கு நன்றாகவே உதவும். உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் நம்பக்கூடாது, காப்பீட்டு நிறுவனமே பாலிசியில் எழுதித் தரவேண்டும். அப்போதும் அது அந்த நிறுவனத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். காயமடைந்த பயணி வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது.

மூன்றாவது, ஹேங்கர் (விமானக் கொட்டகை) காப்பாளர் பொறுப்புக் காப்பீடு. உங்கள் வசம் இருக்கும் பிறர் விமானங்களுக்காகவே உருவானது. நீங்கள் தொடும் விமானங்களில் விலை உயர்ந்தது எதுவோ, அதன் மதிப்புக்குக் குறையாமல் வரம்பு இருக்க வேண்டும். முதலிரண்டைவிட இதுவே மேல். ஆனால் இதிலும் ஓர் ஓட்டை உண்டு: விமானம் பறக்கத் தொடங்கியதும் இது வழக்கமாகப் பேசாது.

தொழிலின் உண்மையான ஆபத்தோ அதன் பிறகுதான். 1996 அக்டோபர் 2 அன்று லிமாவிலிருந்து கிளம்பிய ஏரோபெரு 603 விமானத்தில், உயரத்தையும் வேகத்தையும் காட்டும் கருவிகளுக்குக் காற்றழுத்தம் தரும் துளைகள், சுத்தம் செய்தபோது ஒட்டிய நாடாவுடன் அப்படியே இருந்தன. 70 பேர் இறந்தார்கள். 2008 நவம்பரில் பிரான்சின் பெர்பிஞான் அருகே விழுந்த ஏர்பஸ் ஏ320-இல், மூன்று நாள் முன்பு அலசியபோது உணரிகளுக்குள் புகுந்த நீர் உயரத்தில் உறைந்திருந்தது. அதில் 7 பேர் இறந்தார்கள். இரண்டிலும், துடைத்தவர்கள் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகுதான் விபத்து நடந்தது.

ஆகவே என் ஓட்டு, முடித்த வேலைக்கான விமானப் பொறுப்புக் காப்பீட்டையும் சேர்த்து வாங்கிய மூன்றாவது வழிக்குத்தான். இரண்டாவது வழியில் சொன்ன, உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனம் தரும் எழுத்துறுதி கிடைத்தால் அதையும் விடவேண்டாம். எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு) நிறுவனமாகப் பதிவு செய்துவிட்டால் போதும் என்று சிலர் வாதிடுவார்கள். நிறுவனத்தின் கடன் உங்கள் வீட்டைத் தொடாது, சரி. நாடாவை அகற்ற மறந்த கை உங்களுடையதென்றால் அந்தக் கவனக்குறைவுக்கு நீங்களே தனிப்பட்ட முறையில் பொறுப்பு.

முகவரிடம் கேட்க வேண்டிய இன்னொன்று: வேலை நடந்த நாளில் பாலிசி இருந்தால் போதுமா, விபத்து நடக்கும் நாளிலும் உயிரோடு இருக்க வேண்டுமா? பெரும்பாலும் இரண்டாவதுதான். கடையை மூடியவுடன் பிரீமியத்தை நிறுத்த நினைப்பவர் அதற்கு முன்பே இதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.