தலைவலிக்கு எந்தக் கைவைத்தியம்: விரல்நுனியா, ஹெகுவா, தைலமா?

கையை அமுக்கித் தலைவலியைக் குறைக்க இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். வந்த வழியும் வேறு, அமுக்கும் இடமும் வேறு.

விரல்நுனி முறை ரிஃப்ளெக்சாலஜியைச் சேர்ந்தது: கையிலும் பாதத்திலும் உள்ள ஒவ்வொரு இடமும் உடம்பின் ஓர் உறுப்புக்குச் சமம் என்று கருதி அமுக்குவது. இது அமெரிக்கச் சரக்கு. வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற காது மூக்கு தொண்டை மருத்துவர் உடம்பை நீளவாக்கில் பத்து மண்டலங்களாகப் பிரித்து 1917-இல் புத்தகம் போட்டார். 1930-களில் யூனிஸ் இங்காம் பாதத்துக்கு வரைபடம் போட்டார். கைப்படமும் அதே கணக்குதான்: விரல்நுனிகளும் கட்டைவிரலின் மேல்பாதியும் தலைக்கு, கட்டைவிரலின் அடி கழுத்துக்கு. நுணுக்கத்துக்குப் போனால் ஒரு படத்துக்கும் இன்னொரு படத்துக்கும் ஒத்துப்போகாது.

ஹெகு, விரலால் அமுக்கும் சீன வைத்தியமான அக்குபிரஷரின் ஒரு புள்ளி. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டி வைத்தால் புறங்கையில் சதை மேடாக எழும். மேட்டின் உச்சிதான் இடம். விரல்களைத் தளர்த்திவிட்டு, மறுகையின் கட்டைவிரலை மேலேயும் ஆள்காட்டி விரலை உள்ளங்கைப் பக்கமும் கொடுத்துப் பிடிக்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்: இரு விரல்களுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தோலைக் கிள்ளிக்கொண்டிருப்பார்கள். அழுத்தம் ஆள்காட்டி விரலின் கீழ் எலும்பை நோக்கிப் போக வேண்டும். சரியான இடம் பட்டால் மந்தமாக ஒரு வலி பரவும்; சுரீர் என்று குத்தினால் நகம் படுகிறது என்று அர்த்தம். ஒரு கைக்கு இரண்டு முதல் ஐந்து நிமிடம், சின்ன வட்டமாக. கர்ப்பிணிகள் இந்தப் புள்ளியைத் தொடக்கூடாது என்பது மரபு. மீற வேண்டிய அவசியமும் இல்லை.

விரல்நுனி முறையில் கட்டைவிரல் மூட்டை மடக்கி மடக்கி, புழு ஊர்வதுபோல் நகர்த்தி, ஒவ்வொரு விரலையும் நுனியிலிருந்து அடிவரை அமுக்கி வர வேண்டும். இரு கையும் முடிய பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கும். தனக்குத்தானே செய்துகொண்டால் அமுக்கும் கை சோர்ந்துவிடும். வேறொருவர் பிடித்துவிட்டால் சுகம். அந்தச் சுகம் பொய்யில்லை. ஆனால் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எந்த நோய்க்கும் ரிஃப்ளெக்சாலஜி பலன் தருவதாக உறுதியாகவில்லை என்றே சொல்கிறார்கள். ஹெகுவுக்கு ஆதாரம் கொஞ்சம் தேவலாம், ஆனாலும் ஆய்வுகள் சிறியவை. அக்குபங்சர் ஊசி அடிக்கடி வரும் ஒற்றைத் தலைவலியைக் குறைக்கும் என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016 அலசல் சொன்னது உண்மை. அந்தப் பெருமையை விரல் அமுக்கலுக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது.

தைலத்தின் கதை வேறு. 10 சதவீதப் புதினா எண்ணெயை ஆல்கஹாலில் கலந்து நெற்றியில் தடவியது, இறுக்கத் தலைவலிக்கு 1 கிராம் பாராசிட்டமால் அளவுக்கு உதவியதாக 1990-களின் ஜெர்மன் ஆய்வு உண்டு. கடைத் தைலத்தில் மெந்தாலோடு கற்பூரமும் சேர்ந்திருக்கும். கண்ணுக்கு அருகே வேண்டாம், கைக்குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். சுக்குப் பத்து போட்டால் எரிச்சல் கூடுமுன் கழுவிவிட வேண்டும். இல்லையென்றால் தலைவலி போய்த் தோல் புண்தான் மிஞ்சும்.

பிடரி இறுகி, தலையைச் சுற்றிப் பட்டை கட்டினாற்போல் வலித்தால் எங்கள் ஓட்டு ஹெகுவுக்கே. கூடவே மண்டையோட்டின் கீழ்விளிம்பையும் அமுக்கினால் இன்னும் நல்லது. குமட்டலோடு ஒருபக்கம் விண்விண் என்று தெறிக்கும் ஒற்றைத் தலைவலிக்குக் கையை நம்பி நேரம் கடத்தக்கூடாது. மாத்திரை ஆரம்பத்திலேயே போட்டால்தான் கேட்கும்: பெரியவர்களுக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்கு 500 முதல் 1000 மில்லிகிராம், நாளுக்கு 4 கிராமுக்கு மேல் போகாமல். மருந்து வேலை செய்யும்வரை ஹெகுவை அமுக்கிக்கொள்ளலாம்.

திடீரென இடி விழுந்தாற்போல் வரும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வாய் குழறல், ஒருபக்கம் பலவீனம், தலையில் அடிபட்ட பின் கூடிக்கொண்டே போகும் வலி: இவற்றுக்கு எந்த அமுக்கலும் கிடையாது, 108 தான்.

மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாராசிட்டமால் போட்டு, அது மூன்று மாதத்தைத் தாண்டினால், மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். அந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருப்பவர்கள் லேசான வலிக்கு முதலில் ஹெகுவையும் தைலத்தையும் பார்த்துவிட்டு, அரைமணி கழித்து மாத்திரையை யோசிக்கலாம். 15-ஐத் தாண்டிவிட்டவர்கள் டாக்டரிடம் போக வேண்டும்.