பென்டியம் மூன்றில் நெட்பிஎஸ்டி 10: கோத்தகிரியிலிருந்து ஒரு மதிப்பீடு

கோத்தகிரியில் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்று கழித்துவிட்ட, பென்டியம் மூன்று செயலி கொண்ட பழைய கணினியில், 256 எம்பி நினைவகத்துடன், நெட்பிஎஸ்டி 10 இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தி வருகிறேன். 1993 முதல் வெளிவரும் இந்த இலவசத் திறமூலத் தளம், லினக்ஸ் வகைத் தளமான டெபியன் தன் 13ஆம் பதிப்பில் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்ட பின்னரும், இத்தகைய பழைய இயந்திரங்களை ஒதுக்கிவிடவில்லை.

மலையின் ஈரக்காற்றில் நினைவகப் பலகையின் முனைகள் கறுத்துப்போயிருந்தன. பென்சில் அழிப்பானால் தேய்த்த பிறகே, நினைவகக் கோளாறை அறிவிக்கும் பீப் ஒலி அடங்கியது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸுக்கு யுஎஸ்பியிலிருந்து தொடங்கத் தெரியாது என்பதால் சிடியில் எழுதித்தான் ஏற்ற வேண்டும். நிறுவி வெறும் எழுத்துப் பட்டியல்தான். தமிழ் இல்லை, ஆனால் குழப்பமும் இல்லை. பழைய செயலியில் ஊகிக்க முடியாத தற்போக்கு எண்களை உண்டாக்கும் வசதி இல்லாததைக் கண்டுகொண்டு, விசைப்பலகையில் கண்டபடி தட்டச் சொல்வது எனக்கு வேடிக்கையாக இருந்தாலும், மறையாக்கச் சாவிகள் வலுவாக அமைய அது தேவைதான். தாய்ப்பலகையின் சிஆர்2032 பேட்டரியை முதலிலேயே மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் தேதி பின்னோக்கி ஓடி, இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போகும்.

காற்று மழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது இங்கே வழக்கம். வட்டுப் பிரிவுகளை இணைக்கும் விவரங்கள் கொண்ட எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுப் பிரிவுக்கு ‘லாக்’ என்ற விருப்பம் இருந்தால், மின்சாரம் திரும்பியதும் வட்டு முழுவதையும் சோதித்துக்கொண்டிராமல் கணினி விரைவாக எழுந்துவிடுகிறது. இதற்காகவே இந்தத் தளத்துக்கு நல்ல மதிப்பெண் தருவேன். திரையில் சாளரங்களைக் காட்டி நிர்வகிக்கும் சிடிடபிள்யூஎம் சாளர மேலாளரும் கனமில்லாதது. கடிதம் தட்டவும், சி மொழி பழகவும், வேறு கணினிக்குள் தொலைவிலிருந்து நுழையவும் தாராளம்.

இணையம்தான் இடறுகிறது. இச்செயலியில் எஸ்எஸ்இ2 என்ற கூடுதல் செயலிக் கட்டளைகள் இல்லாததால் இன்றைய ஃபயர்பாக்ஸ் ஓடாது. சிறிய உலாவியான டில்லோ ஓடுகிறது, ஆனால் தமிழைச் சரியாகக் கோக்கத் தெரியாமல் கொம்புகளை எழுத்தின் வலப்பக்கம் நிறுத்திவிடுவதால், ‘தேயிலை’ என்ற சொல்லைக்கூட ஊகித்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது. தமிழ்த் தளங்கள் படிக்கவென்று பழைய கணினி தேடுவோர், எஸ்எஸ்இ2 உள்ள பென்டியம் நான்குக்குக் குறைந்து எதையும் வாங்க வேண்டாம்.