ஒரு மாடு கூடுதல்

காட்டில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் பட்டிக்குத் திரும்பும் மாடுகளை ஒரு கிழவர் எண்ணுகிறார். காலையில் ஓட்டிப் போனது 31. திரும்பி வந்தது 32. படலைச் சாத்திவிட்டு மறுபடி எண்ணுகிறார். 32தான். புது மாடு எது என்று ஒவ்வொன்றாக முகத்தைப் பார்க்கிறார். எல்லாமே அவருக்குத் தெரிந்த மாடாக இருக்கிறது.

இப்படித் தொடங்குகிற ஒரு நாவலைக் கீழே வைக்க முடியுமா? தருமபுரி புத்தகத் திருவிழாவில் கடைசி நாள் கூட்டத்தில் நின்றபடியே இந்த ஒரு பக்கத்தைப் படித்தேன். விலை 480 ரூபாய், பத்து சதவீதம் கழித்து 432. என் ஓய்வூதியத்தில் நாவலுக்கு அவ்வளவு கொடுப்பது வழக்கமில்லை. கொடுத்தேன். நாவலின் பெயரையும் எழுதியவர் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. இது அவருடைய முதல் நாவல், எங்கள் மாவட்டத்துப் பிள்ளை, இரண்டாவது நாவல் எழுதட்டும். நான் 412 பக்கத்தையும் படித்து முடித்தவன் என்ற உரிமையில் மட்டும் பேசுகிறேன்.

கதை பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் நடக்கிறது. சாலையை அகலப்படுத்தும் வேலை. ஓரத்துப் புளியமரங்களுக்கெல்லாம் வெட்டுவதற்கு முன் வெள்ளை பெயின்ட்டில் எண் போடுகிறார்கள். எண் போட வந்தவர் கணக்கிலும் ஒரு மரம் கூடுகிறது. ஒரு மரத்தடியில் பாதி புதைந்த நடுகல். பொக்லைன் பட்டு அதன் மேல் விளிம்பு உடைந்து போகிறது. கல்லில் மிஞ்சியிருப்பது ‘தொறு மீட்டுப் பட்டான் கல்’ என்ற வரி மட்டும். தொறு என்றால் மாட்டு மந்தை. யாரோ ஒருவன் கள்ளர் ஓட்டிப் போன மாடுகளை மீட்டுக்கொண்டு வந்து செத்திருக்கிறான். அவன் பெயர் உடைந்த பகுதியோடு போய்விட்டது. அன்று சாயங்காலம்தான் பட்டியில் ஒரு மாடு கூடுகிறது. மறுநாள் காலையில் பொக்லைன் ஓட்டுநரைக் காணவில்லை. வண்டி மட்டும் ஓடிக்கொண்டே நிற்கிறது. அதற்கு மறுநாள் 33 மாடு.

யோசித்துப் பாருங்கள். அந்தக் கல் வீரன் யாரையும் பழிவாங்க வரவில்லை. 1300 வருடத்துக்கு முன்னால் பாதியில் விட்ட வேலையைச் செய்கிறான், மாட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறான். அதற்கு ஈடாக ஓர் ஆள் போகிறது. எலுமிச்சம்பழம், மண்டை ஓடு, தலைவிரி கோலம் எதுவும் கிடையாது. முதல் ஏழு அத்தியாயங்கள், 74 பக்கம், ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் படித்தேன். தண்ணீர் குடிக்க எழுந்தபோது கொல்லைப்புற விளக்கைப் போட்டுவிட்டுத்தான் போனேன். வயது 62.

எனக்கு இந்தப் பயம் கொஞ்சம் பழக்கமானது. நான் சர்வேயராக இருந்தவன். 1980களில் யூடிஆர் என்ற நிலப் பதிவு மேம்பாட்டு வேலை நடந்தபோது பென்னாகரம் வட்டத்தில் காடு மேடெல்லாம் நிலம் அளக்கும் செயினோடு நடந்தேன். நாங்கள் நடுகல் என்று எழுதுவோம், ஊரில் வேடியப்பன் என்பார்கள். புலி குத்திச் செத்தவன், மாடு மீட்கப் போய்ச் செத்தவன், எல்லோரும் காலப்போக்கில் வேடியப்பன் ஆகிவிட்டார்கள். ஒருநாள் வேலை முடியும் நேரம், வேடியப்பன் கல்லுக்கு நாலு செயின் தூரத்தில் ஒரு எல்லைக்கல் தேட வேண்டியிருந்தது. வெளிச்சம் இன்னும் அரைமணி நேரத்துக்கு இருந்தது. என் செயின்மேன் திடீரென்று நின்றார். செயினைச் சுருட்டினார். “சார், இன்னைக்கு இது போதும்” என்றார். அவ்வளவுதான். பல வருடம் கழித்து அவர் ஓய்வு பெற்ற அன்று டீக்கடையில் கேட்டேன். “மணிச் சத்தம் கேட்டுச்சு சார். மாடு இல்ல” என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

நாவலாசிரியருக்கும் அப்படி நிறுத்தத் தெரிந்திருக்கிறது, ஏழாவது அத்தியாயம் வரைக்கும். எட்டாவதில் பெங்களூரிலிருந்து காரில் நாயகி வந்து இறங்குகிறாள். தொல்லியல் படித்தவள். செல்போன் டார்ச்சை அடித்து, எண்ணெய்ப் பிசுக்கும் குங்குமமும் அப்பிக் கிடக்கும் கல்லில் இருக்கும் பழங்கால வட்டெழுத்தைத் தினசரிப் பேப்பர் மாதிரி படிக்கிறாள். படித்துவிட்டுப் பதினான்கு பக்கத்துக்கு விளக்குகிறாள். ஆவி யார், ஏன் வருகிறது, எந்தத் திதியில் வரும், எப்படிப் போகும் என்று எல்லாவற்றையும். கேட்டுக்கொண்டிருக்கும் இன்ஜினியர் நாயகன் நடுநடுவே “ஓ, அப்படியா?” என்கிறான். நானும்தான் சொன்னேன், கொட்டாவியோடு.

கல்வெட்டு படிப்பது அப்படி நடக்கிற காரியமில்லை. கல்லைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஈரத்தாளை ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டிப் பள்ளத்தில் இறக்க வேண்டும். பிறகு மை ஒற்றினால் கறுப்புத் தாளில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். மைப்படி என்பார்கள். அதற்குப் பிறகும் ஒரு எழுத்துக்கு இரண்டு பேர் மூன்று விதமாகச் சண்டை போடுவார்கள். இந்த நாவலுக்கு இதைவிட நல்ல காட்சி வேறென்ன வேண்டும்? மாடு கூடியது, மரம் கூடியது. தாளை உரித்துப் பார்க்கும்போது கல்லில் இல்லாத ஒரு வரி தாளில் கூடியிருந்தால்? நானே ராத்திரி படுத்துக்கொண்டு இப்படி யோசித்துக்கொண்டிருந்தேன். காசு கொடுத்து வாங்கிய நாவலை நாமே எழுத வேண்டியிருக்கிறது.

அடுத்து வருவதுதான் எனக்குக் கோபம். ஆவிக்கு ஒரு கட்டு உண்டு என்று முதலில் சொல்லியிருந்தார். மந்தை மேய்கிற எல்லையைத் தாண்டி அது வராது. அதனால்தான் ஊர்க்காரர்கள் மேய்ச்சல் தடத்தை மாற்றப் பார்க்கிறார்கள், அது நல்ல பகுதி. 190ஆவது பக்கத்தில் அதே ஆவி பெங்களூரில் நாயகி குடியிருக்கும் அடுக்குமாடி லிஃப்டில் நிற்கிறது. வேலோடு. எப்படி வந்தது? பதில் இல்லை. ஓசூர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும், சுங்கச்சாவடியில் யாரும் நிறுத்தவில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு எங்கே வேண்டுமானாலும் வரும், எது வேண்டுமானாலும் செய்யும் என்றாகிவிட்டது. பாலக்கோட்டுப் பக்கம் பட்டிக்குள் நிற்க வேண்டிய ஆவியை லிஃப்டில் பார்த்தால் எனக்கு எந்த மாடி என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

இன்னொரு கூத்து, நடுகல் இருக்கும் நிலத்தின் புல எண், அதாவது சர்வே நம்பர், 666. சர்வேயராக இதை நான் மன்னிக்க மாட்டேன். ஆங்கிலப் பேய்ப் படம் பார்த்தவர்களுக்கு அது சாத்தான் எண். வேடியப்பனுக்கு அந்த எண்ணைப் பற்றி என்ன தெரியும்? நாயகி அந்த எண்ணைப் புலப்படத்தில் பார்த்துவிட்டு மயங்கி விழுகிறாள். எங்கள் அலுவலகத்தில் அப்படி மயங்கியிருந்தால் பாதி கிராமத்துக்கு உட்பிரிவே நடந்திருக்காது.

நடுவில் 110 பக்கத்துக்குப் பல்லவர் காலம். மகேந்திரவர்மன் காலத்து நடுகற்கள் நம் பக்கம் உண்டு, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஏழாம் நூற்றாண்டில் வீரனின் தாய் களிக்குத் தக்காளிச் சட்னி அரைக்கிறாள். தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை, இங்கே வர அதற்குப் பிறகு எண்ணூறு, தொள்ளாயிரம் வருடம் ஆகும். பாலக்கோட்டில் தக்காளி அமோகம் என்பதால் அப்போதே நட்டுவிட்டார் போலும். சரி, சட்னி போகட்டும். கல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடிக் கண்டுபிடிப்பதிலிருந்து படையல் போட்டு வாழ்த்துவது வரைக்கும். அதில் ஒரு படி விட்டுப்போயிருந்தால் செத்தவன் கல்லில் தங்குவானா? திகில் கதைக்கு இதைவிட நல்ல முடிச்சு எனக்குத் தெரியவில்லை. அதியமான் செத்த பிறகு அவன் நடுகல்லுக்குச் சின்னக் கலத்தில் கள் ஊற்றுகிறார்கள், இதை அவன் ஏற்றுக்கொள்வானா என்று ஔவை புலம்பிய மண் இது. இவர் 110 பக்கமும் வாள் சண்டை போட்டார். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூர்க் கல்லில் கோவிவன் என்ற நாய் இருக்கிறது. எஜமான் செத்துக் கிடக்க, கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்ற நாய். சில வரிதான் அந்தக் கல்வெட்டு. அந்த நாய் எனக்கு மறக்கவில்லை. இந்த நாவலின் நாயகன் பெயர் இப்போதே மறந்துவிட்டது, அதுவும் 260ஆம் பக்கத்துக்கு மேல் அவன் பெயர் வேறொன்றாக அச்சாகியிருக்கிறது.

அச்சைப் பற்றிச் சொல்வதானால், பிழை திருத்த ஒருவரும் உட்காரவில்லை. ‘மறம்’ வெட்டப்படுகிறது, வீரனின் ‘மரம்’ போற்றப்படுகிறது. நாலாவது அத்தியாயத்தில் செத்த அத்தை பத்தொன்பதாவதில் காப்பி போடுகிறாள், ஆவிக் கதையாச்சே என்று கொஞ்ச நேரம் நானும் பயந்து பார்த்தேன், அப்புறம்தான் தவறு என்று புரிந்தது. பத்து நாளுக்குள் இரண்டு பௌர்ணமி. கடைசிச் சண்டைக்கு ஒகேனக்கல்லிலிருந்து கிருஷ்ணகிரிக்கு அரைமணி நேரத்தில் ஜீப் போகிறது. மலைப்பாதை ஏறிப் பென்னாகரம் வந்து சேரவே அந்த நேரம் சரியாகிவிடும். மாடு மேய்க்கும் கிழவர் வாய்க்கு வாய் “ஏனுங், சொல்லுங்” என்று கோயம்புத்தூர்ப் பேச்சு பேசுகிறார். எங்கள் காட்டுப் பக்கம் பட்டி போடுபவர் கன்னடம் கலந்து பேசினால்கூட நம்புவேன்.

அட்டையில் ஒரு மாடு, சிவந்த கண்ணோடு. கறுப்பு வெள்ளைத் திட்டு போட்ட ஹெச்.எஃப். என்ற சீமை மாடு. ஆலம்பாடி மாடு இந்தக் காட்டுக்கே உரியது. கருஞ்சாம்பல் உடம்பு, புடைத்த நெற்றி, பின்னால் வளைந்த கொம்பு. சும்மா நின்றாலே பார்க்கிறவனை ஒரு அடி பின்னால் வைக்கும். அதை விட்டுவிட்டுப் பால் பண்ணை மாட்டைக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

என் மனைவி பிறந்த வீடு ஏரியூர்ப் பக்கம். சின்ன வயதில் மாடு மேய்த்தவள். நாவல் படிக்கிற பழக்கமில்லை, நான் சொல்லித்தான் கதை தெரியும். முதல் பக்கத்தைச் சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

“எல்லாம் தெரிஞ்ச மாடுன்னா பேரு சொல்லிக் கூப்பிட வேண்டியதுதானே? எது திரும்பிப் பாக்கலையோ அதுதான் கூடுதல் மாடு.”

அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. கல்லில் பெயர் இல்லை. மாட்டுக்கும் பெயர் இல்லை. கிழவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு, 31 மாடு திரும்பிப் பார்த்து, ஒன்று மட்டும் பார்க்காமல் நிற்கிற காட்சி அந்த நாவலுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. எழுதியவர் அந்தப் பக்கம் போகவே இல்லை. வீரனின் பெயரை அவர் கண்டுபிடித்த விதம் இதுதான்: நாயகிக்குக் கனவு வருகிறது, கனவில் வீரனே வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகிறான். அது இன்ஜினியர் நாயகனின் பெயர். பரிசலில் வைத்து நாயகி அதைக் கத்துகிறாள், ஆவி புகையாகப் போகிறது, சுபம். பட்டியில் சேர்ந்த மாடுகள் கடைசியில் என்ன ஆயின? போன ஆட்கள் திரும்பினார்களா? ஒரு வார்த்தை இல்லை. கிழவரையே 90ஆம் பக்கத்துக்குப் பிறகு காணவில்லை.

432 ரூபாய்க்கு வாங்கச் சொல்ல மாட்டேன். நூலகத்தில் கிடைத்தால் ஏழு அத்தியாயம் படிக்கலாம், அந்த ஏழுக்காக இந்த எழுத்தாளரின் அடுத்த நாவலை நானே காசு கொடுத்து வாங்குவேன். தருமபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். எழுத உட்காருவதற்கு முன் அங்கே ஒரு மத்தியானம் சும்மா நின்றுவிட்டு வரட்டும்.

என் பிரதியைப் பாலக்கோட்டில் இருக்கும் பழைய சகா ஒருவர், ஓய்வுபெற்ற விஏஓ, கேட்டு வாங்கிப் போனார். 74ஆம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் வந்தது.

“சர்வேயரே, டிக்கெட் வரைக்கும் வந்துட்டேன். அந்த மாடு என்னதான் ஆச்சு?”